குளிர்கால மடலும் டிரைவ்வே வரப்பும்

அக்டோபர் கடைசியில், தண்ணீர் பில்லோடு சேர்த்து, எங்கள் ஊர் நகராட்சியிலிருந்து குளிர்காலச் செய்திமடல் வரும். நாலு பக்கம்தான். முதல் பக்கத்தில் மேயர் சிரித்துக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஆரஞ்சு நிற ப்ளோ வண்டி ஒன்று பனியை வாரி அடித்துக்கொண்டிருக்கும். தெருவில் எப்போது கார் நிறுத்தக்கூடாது, குப்பைத் தொட்டியை எங்கே வைக்க வேண்டும், கிறிஸ்துமஸ் மரத்தை எந்த வாரம் எடுத்துப் போவார்கள், ஸ்கேட்டிங் தளம் எப்போது திறக்கும், பட்ஜெட் கூட்டம் என்றைக்கு என்று உள்ளே எழுதியிருக்கும். அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்தின் சின்ன ஊர்களில் ஏறக்குறைய இதே மடல்தான், பெயரும் படமும் மாறும், அவ்வளவே. பல வீடுகளில் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து நேரே குப்பைக்குப் போய்விடுகிறது. நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பேன். வீட்டில் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

வாஷிங்டனில் யார் என்ன பேசினார்கள் என்று வாட்ஸாப் குழுவில் விடிய விடிய அடித்துக்கொள்கிறோம். நாம் சொல்லி அதில் மாறப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நாளைக் காலை நம் தெருவுக்குப் பனி வார எத்தனை மணிக்கு வண்டி வரும், பக்கத்து வீட்டுப் பாட்டி விழாமல் பஸ் ஸ்டாப் வரை நடக்க முடியுமா, வருகிற வருஷம் வீட்டு வரி எவ்வளவு ஏறும் என்பதையெல்லாம் முடிவு செய்வது மேயரையும் சேர்த்து ஐந்தே பேர். இங்கே சின்ன ஊர் கவுன்சிலில் பெரும்பாலும் அவ்வளவு பேர்தான். அவர்கள் எடுத்த முடிவைத்தான் இந்த மடல் சொல்கிறது, அதுவும் அலங்காரம் எதுவும் இல்லாமல். யாருக்கு முதலில் செய்வது, எந்த வேலையை யார் தலையில் கட்டுவது, காசு யாருடையது என்று ஏதோ ஒரு கூட்டத்தில் யாரோ மூச்சு முட்டச் சண்டை போட்டிருப்பார்கள். நம் கைக்கு வரும்போது அது ஒரு வரி விதியாகச் சுருங்கியிருக்கும்.

பனி விழ இன்னும் நாள் இருக்கிறதே, அக்டோபரிலேயே என்ன அவசரம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். 1991ஆம் வருஷம் ஹாலோவீன் அன்று, அதாவது அக்டோபர் 31, ஆரம்பித்த பனி நவம்பர் 3 வரை விடவில்லை. மினியாபொலிஸ் பகுதியில் 28.4 அங்குலம், வடக்கே டுலூத்தில் 36.9 அங்குலம். மூன்றடிக்கு மேல். அன்றைக்கு வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் வாங்கப் போன பிள்ளைகளெல்லாம் இன்று நரை எட்டிப்பார்க்கும் வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் வானிலை பற்றிப் பேச்செடுத்தால் போதும், எப்படியாவது சுற்றிக்கொண்டு வந்து அந்த ஹாலோவீனில் நிறுத்துவார்கள்.

சரி, மடலுக்கு வருவோம். நான் முதலில் பார்ப்பது வரைபடம். தெருக்களுக்கு இரண்டு மூன்று நிறம் தீட்டியிருப்பார்கள். பெரிய சாலைகள், ஆஸ்பத்திரிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகிற வழிகள், மேடு உள்ள தெருக்கள், பள்ளிக்கூடத்தைச் சுற்றி உள்ளவை எல்லாம் முதலில். அப்புறம் மற்ற சாலைகள். குடியிருப்புத் தெருக்கள் அதற்கும் பிறகு. கடைசியாக முட்டுச்சந்துகள். முட்டுச்சந்து கடைசியாவதற்கு ஓரவஞ்சனை காரணமில்லை, அங்கே வண்டியை நேராக ஓட்டிவிட்டுப் போக முடியாது. வட்டமாகத் திரும்பித் திரும்பி, பின்னால் எடுத்து, வாரிய பனியைக் கொட்ட இடம் தேடி, ஒரு முட்டுச்சந்துக்கு ஆகிற நேரத்தில் நீளமான தெருக்கள் பலவற்றை முடித்துவிடலாம். பல ஊர்களில் இரண்டு அங்குலம் விழுந்தால்தான் முழு ஊரையும் வாரக் கிளம்புவார்கள். விடிகாலை இரண்டு மூன்று மணிக்கே கிளம்புகிறார்கள், ஆபீஸ் போகிறவர்கள் கார் எடுப்பதற்குள் பெரிய சாலைகளாவது முடிந்திருக்க வேண்டுமே. ஆனால் இரவு முழுக்கப் பனி விழாமல், காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு நின்றால் எந்த அட்டவணையும் செல்லாது. அன்றைக்குத்தான் முகநூலில் ஊரே பொங்கும்.

ஓட்டுகிறவர்கள் யார் தெரியுமா? கோடையில் பூங்காவில் புல் வெட்டியவர்கள், சாலைக் குழிகளை அடைத்தவர்கள், தண்ணீர்க் குழாய் உடைந்தால் சேற்றில் இறங்கியவர்கள். சின்ன ஊரில் பொதுப்பணிப் பிரிவு என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பனி கொட்டுகிற இரவில் எங்கோ குழாயும் வெடித்தால் அதே ஆட்களில் பாதிப் பேர் அங்கே போகிறார்கள், மீதிப் பாதி பனி வாருகிறது. கனரக வண்டி உரிமம் வைத்திருப்பவர்களைத் தனியார் லாரி கம்பெனிகள் நல்ல சம்பளம் கொடுத்து இழுத்துக்கொள்கின்றன. "ஆட்கள் தேவை" என்று மடலில் ஒரு பெட்டிச் செய்தி வருஷா வருஷம் வருகிறதே, அது சும்மா போட்டது இல்லை.

பனி வாரும் இந்த வரிசையை லேசாக நினைத்துவிடக் கூடாது. பெரிய ஊர் மேயர்களே இதில் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 1979 ஜனவரியில் சிகாகோவில் பெரும் பனிப்புயல். தெருக்களைச் சுத்தம் செய்ய நகராட்சி தடுமாறியது, ரயில்களும் திணறின. மேயர் மைக்கேல் பிலாண்டிக் அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் ஜேன் பைரனிடம் தோற்றுப்போனார். டென்வரில் 1982 கிறிஸ்துமஸ் சமயத்துப் புயலுக்குப் பிறகு, பல வருஷம் மேயராக இருந்த வில்லியம் மெக்நிக்கல்ஸ் அடுத்த வருஷத் தேர்தலில் பதவி இழந்தார். வேறு காரணங்களும் இருந்திருக்கும்தான். ஆனாலும் வாராத தெரு ஒவ்வொரு வாக்காளரின் வாசலிலும் கிடக்கிறது, அதை எந்தப் பேச்சாலும் மறைக்க முடியாது.

எனக்கு இதில் பெரிய கேள்வி எழுப்பியது ஸ்வீடன். கார்ல்ஸ்கோகா என்று ஒரு சின்ன ஊர். எல்லா ஊரையும் போல அங்கேயும் கார் போகிற பெரிய சாலைகளை முதலில் வாரிவிட்டு நடைபாதைகளையும் சைக்கிள் பாதைகளையும் கடைசியில் கவனித்தார்கள். நகராட்சியின் கொள்கைகளை ஆண், பெண் இருபாலர் கண்ணோட்டத்திலும் சரிபார்க்க வேண்டும் என்று வந்தபோது, பனி வாருவதில் என்ன பாகுபாடு வந்துவிடப்போகிறது என்று ஒரு அதிகாரி கேலியாகக் கேட்டாராம். கணக்கைப் போட்டுப் பார்த்தால், காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம், நடந்தும் பஸ்ஸிலும் போகிறவர்களில் பெண்கள் அதிகம். அதோடு, கொஞ்சம் பனியில் கார் ஓட்டுவதைவிடத் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளுவது எவ்வளவோ கஷ்டம். பனிக்காலத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிலும் நடந்து போனவர்களே கூடுதல். வரிசையை மாற்றினார்கள்: நடைபாதையும் பஸ் நிறுத்தமும் முதலில், பெரிய சாலை பிறகு. ஸ்டாக்ஹோமும் இதே வழியில் போனது. 2016 நவம்பரில் அங்கே ஒரே அடியாகப் பனி கொட்டி ஊர் ஸ்தம்பித்தபோது இந்தக் கொள்கையை உலகம் முழுக்கக் கேலி செய்தார்கள். புதிய முறையை இன்னும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தவே இல்லை என்றது நகர நிர்வாகம்.

நம் பக்கம் நடைபாதை விஷயம் வேறு மாதிரி. வீட்டு முன்னால் உள்ள நடைபாதை நகராட்சிக்குச் சொந்தம், ஆனால் பனி வாருவது வீட்டுக்காரர் பொறுப்பு. மினியாபொலிஸில் பனி நின்ற பிறகு வீடுகளுக்கு 24 மணி நேரம் கெடு, கடை கண்ணிகளுக்குப் பகல் நேரத்தில் வெறும் நாலு மணி நேரம். மற்ற ஊர்களிலும் அதையொட்டி ஏதோ ஒரு கெடு இருக்கும். காருக்கான சாலையை எல்லோர் வரிப்பணத்திலும் வாரிவிட்டு, நடக்கிறவனுக்கான பாதையை மட்டும் எழுபத்தைந்து வயது மனிதரின் முதுகில் ஏற்றி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. நகராட்சியே நடைபாதையையும் வாரினால் செலவு எவ்வளவு, யாரிடம் வாங்குவது என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும், கணக்காவது மேசைக்கு வரும்.

இப்போது வரப்பு. குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் எழுந்து, நெஞ்சு வலிக்க டிரைவ்வே, அதாவது வீட்டிலிருந்து தெரு வரை கார் போகிற பாதை, முழுக்கப் பனியை வாரிப்போட்டு, கையுறையைக் கழற்றி மூச்சு வாங்கும்போது ப்ளோ வண்டி மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வரும். தெருவில் கிடப்பதையெல்லாம் வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டே போகும். போன பிறகு பார்த்தால் உங்கள் டிரைவ்வே வாசலை அடைத்து வயல் வரப்பு மாதிரி ஒன்று கிடக்கும், முழங்கால் உயரம். அதுவும் பஞ்சுப் பனி இல்லை. தெருவில் கார்கள் மிதித்து இறுகிய கட்டி, உப்பு, மணல், கொஞ்சம் சேறு. அரை மணி நேரம் விட்டால் கல்லாகிவிடும், அப்புறம் கடப்பாரைதான். டிரைவர் வேண்டுமென்றே செய்கிறார் என்று எங்கள் தெருவில் சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி முன்னால் பனியைத் தள்ளுகிற பெரிய தகட்டை, கத்தி என்போம், ஒவ்வொரு வாசலிலும் தூக்கித் தாண்ட ஆரம்பித்தால் அந்தத் தெருவை மதியத்துக்குள் முடிக்க முடியாது, அதுதான் விஷயம்.

இதற்கு மடலில் ஒரு சின்னப் படம் போட்டிருப்பார்கள், யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வாசலில் தெருவைப் பார்த்து நில்லுங்கள். வண்டி உங்கள் இடது பக்கத்திலிருந்துதான் வரும். அந்த இடது பக்கம், டிரைவ்வே தொடங்குவதற்கு முன்னால் தெருவோரத்தில் ஒரு கார் நீளத்துக்குப் பனியை வாரிக் காலி செய்து வையுங்கள். வண்டி அதுவரை தள்ளிக்கொண்டு வந்த மூட்டை அந்தக் காலி இடத்தில் கொட்டிவிடும், உங்கள் வாசலுக்கு வரும்போது கத்தியில் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. நீங்கள் வாருகிற பனியை வலது பக்கம் போடுங்கள், இடது பக்கம் போட்டால் அது உங்கள் வாசலுக்கே திரும்பி வரும். கோபத்தில் வரப்பை வெட்டித் தெருவுக்குள்ளேயே எறிகிறவர்களும் உண்டு. மினசோட்டாவில் அது சட்டப்படி குற்றம், உங்கள் பக்கத்துப் பனியைப் பொதுச் சாலையில் கொட்டக்கூடாது. எதிர்ப்பக்கம் குவித்து வைக்கத் தெருவைக் குறுக்காகத் தள்ளிக்கொண்டு போவதும் இதே கணக்கில் வந்துவிடும்.

தபால் பெட்டிக்கும் ஒரு வரி உண்டு. சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரம், சாலையோரத்திலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே என்பது தபால் துறையின் அளவு. அந்த அளவில் இருந்து, வண்டியின் கத்தியே இடித்து உடைத்திருந்தால்தான் பல ஊர்கள் மாற்றித் தரும். தெறித்த பனியின் பாரத்தில் சாய்ந்தது என்றால் கம்பம் உளுத்துப்போயிருந்தது என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் உளுத்துத்தான் போயிருக்கும்.

உப்பு பற்றித்தான் நான் எல்லோரிடமும் விடாமல் பேசுவேன், கேட்கிறவர்கள் நைசாக நழுவிவிடுவார்கள், இங்கே நழுவ முடியாது. கடுங்குளிர் நாளில் "சாலை கண்ணாடி மாதிரி இருக்கு, உப்பே போடலை" என்று நகராட்சிக்குப் போன் போகும். சாதாரண உப்பு, நாம் சமையலில் போடுகிற அதே சோடியம் குளோரைடுதான், சாலையின் வெப்பநிலை 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது மைனஸ் 9 செல்சியஸுக்குக் கீழே போனால் வேலை செய்யத் திணறும். உப்பு முதலில் கரைய வேண்டும், கரைந்த உப்புநீர்தான் ஐஸை உருக்கும். அந்தக் குளிரில் கரையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஐஸ்மேல் சரளைக்கல் மாதிரி கிடந்து கார் டயரில் தெறித்து ஓரத்துக்குப் போகும். அந்த நாளில் மணல் போடுவார்கள், இல்லையென்றால் மக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு கலந்து போடுவார்கள். மணல் எதையும் உருக்காது, பிடிமானம் மட்டும் கொடுக்கும், வசந்தத்தில் அத்தனையையும் கூட்டி அள்ள வேண்டும்.

பனி வருவதற்கு முந்தைய நாள் சாலையில் வெள்ளை நிறத்தில் இணைகோடுகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோலப்பொடி டப்பாவோடு யாரோ ஓடினாற்போல இருக்கும். அது உப்புக்கரைசல். 23.3 சதவீதம் உப்பு, மீதி தண்ணீர்; அந்த விகிதத்தில்தான் உப்புநீர் மிகக் குறைந்த வெப்பநிலை வரை, மைனஸ் 21 செல்சியஸ் வரை, உறையாமல் இருக்கும். முன்கூட்டியே தெளித்துவிட்டால் பனி தார்ச்சாலையோடு ஒட்டிக்கொள்ளாது, வண்டி வந்ததும் பாளம் பாளமாகக் கழன்று வரும், உப்பும் குறைவாகச் செலவாகும். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் போல்க் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) சீஸ் தயாரிப்பில் மிஞ்சிய உப்புநீரைச் சாலைக்குத் தெளித்தார்கள், பிறகு மில்வாக்கியும் அதைச் சோதித்துப் பார்த்தது. கீழே கொட்ட வேண்டியதற்கும் காசு மிச்சம், வாங்க வேண்டியதற்கும் காசு மிச்சம்.

ஏன் இப்படிக் கஞ்சத்தனம் பண்ண வேண்டும்? போட்ட உப்பு எங்கேயும் போவதில்லை. உருகிய தண்ணீரோடு வடிகாலில் இறங்கி ஏரிக்கும் ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேரும். ஒரு டீஸ்பூன் உப்பு ஐந்து கேலன், அதாவது 19 லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று மினசோட்டா மாநில மாசுக்கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. கெட்டது கெட்டதுதான், ஒரு ஏரித் தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்க நடைமுறையில் வழி இல்லை. பத்தாயிரம் ஏரி நாடு என்று கார் நம்பர் பிளேட்டில் போட்டுக்கொள்கிற மாநிலம் இது. அதே அமைப்பின் கணக்குப்படி 20 அடி டிரைவ்வேக்கு ஒரு காபிக் கோப்பை அளவு உப்பு போதும். எங்கள் பக்கம் வாளியோடு இறங்குகிறார்கள். காலடியில் நொறுக்நொறுக்கென்று சத்தம் வந்தால் தேவைக்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்த பிறகு மிஞ்சுவதைக் கூட்டி எடுத்து அடுத்த பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் உங்களைக் கஞ்சன் என்று சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பரவாயில்லை.

உப்பே வேண்டாம் என்று முடிவு கட்டிய ஊரும் இருக்கிறது. மிச்சிகனில் ஹாலந்து என்ற சின்ன ஊர், 1988 முதல் கடைத்தெருவின் சாலைக்கும் நடைபாதைக்கும் அடியில் குழாய் பதித்து வெந்நீர் ஓடவிடுகிறார்கள். மின்நிலையத்தின் கழிவுச் சூட்டில் காய்ச்சிய நீர். வெளியே எல்லாம் வெள்ளையாகக் கிடக்க அந்தத் தெரு மட்டும் மழை பெய்த மாதிரி ஈரமாக இருக்கும். மின்நிலையம் நகராட்சிக்கே சொந்தம் என்பதால் முடிந்தது. எங்கள் கவுன்சிலில் ஒருவர் இதை எடுத்துச் சொன்னபோது மற்ற நால்வரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

தண்ணீர். வெளியே 20 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறையத் தொடங்கலாம், சிங்குக்கு அடியில் உள்ள கதவைத் திறந்து வையுங்கள், குழாயைச் சொட்டவிடுங்கள், ஊருக்குப் போனாலும் ஹீட்டரை 55 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. மார்ச் மாதம்தான் பலரை ஏமாற்றும். வெயில் அடிக்கிறது, பனி உருகுகிறது, கோட்டைக் கூடக் கழற்றிவிட்டோம், திடீரென்று ஒரு காலையில் வீட்டில் எந்தக் குழாயிலும் தண்ணீர் இல்லை. மேலே சூடு வந்தாலும் மண்ணுக்குள் உறைவு இன்னும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பெரிய குழாய்களை ஏழெட்டு அடி ஆழத்தில் புதைத்திருப்பார்கள், அதிலிருந்து வீட்டுக்கு வரும் சின்னக் குழாய் சில இடத்தில் அவ்வளவு ஆழத்தில் இருக்காது, மேலே தெருவில் பனிப் போர்வையும் கிடையாது, வாரிவிட்டோமே. 2014 மார்ச்சில் மாநிலம் முழுக்க ஊர் ஊராக இது நடந்தது. அதனால்தான் குழாய்த் தண்ணீரின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், 35 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் வந்துவிட்டால் பென்சில் கனத்துக்கு இரவு பகலாக ஓடவிடுங்கள் என்று பிப்ரவரி மடலில் போடுகிறார்கள். நகராட்சி சொல்லி ஓடவிட்டால் பல ஊர்களில் அந்தத் தண்ணீருக்குக் காசு கிடையாது. நீங்களாகத் திறந்துவிட்டால் பில் உங்களுக்கு. ஒரு போன் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தீயணைக்கத் தண்ணீர் எடுப்பதற்காகத் தெருவோரம் நிற்கும் ஹைட்ரண்டையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள், சுற்றி மூன்றடிக்குப் பனியை வாரி வைக்க வேண்டும். உள்ளே தண்ணீர் உறைந்துவிடாதா என்று என் மகள் கேட்டாள். உள்ளே தண்ணீரே இருக்காது, திறக்கும் வால்வு உறைவு எட்டாத ஆழத்தில் இருக்கிறது, பயன்படுத்தி மூடியதும் மேலே நிற்கும் நீர் தானாக வடிந்துவிடும். தலையில் கொடி கட்டிய கம்பி எதற்கு என்றால், ஆறடிக் குவியலுக்குள் அதைத் தீயணைப்பு வீரர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்குத்தான்.

மடலில் மிகச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் சிலருக்கு மிக முக்கியம். மினசோட்டாவில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால விதி என்று ஒன்று உண்டு: பணம் கட்ட முடியாத வீட்டுக்கு ஹீட்டரை ஓட்டும் மின்சாரத்தையோ கேஸையோ சட்டென்று துண்டித்துவிட முடியாது. ஆனால் இது தானாக வராது. நீங்களே கூப்பிட்டு, முடிந்த தவணையைப் பேசி ஒத்துக்கொண்டு, அதை ஒழுங்காகக் கட்ட வேண்டும். நம்மவர்களில் வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள், கம்பெனிக்குப் போன் பண்ணித் தவணை கேட்பது அவமானம் என்று நினைப்பார்கள். அவர்கள் காதில் விழும்படி இதைச் சொல்லிவையுங்கள், யாருக்காக என்று சொல்லாமல்.

நல்ல செய்திகளும் உண்டு. ப்ளோ வண்டிக்குப் பெயர் வைக்கும் போட்டியை மாநிலப் போக்குவரத்துத் துறை 2020-21 குளிர்காலத்தில் ஆரம்பித்தது, முதல் தடவை ஜெயித்தது ப்ளோவி மெக்ப்ளோஃபேஸ், அப்புறம் கண்ட்ரோல் சால்ட் டெலீட் மாதிரி பெயர்களெல்லாம் வந்தன. இப்போது சின்ன ஊர்களும் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்துகின்றன. பூங்காவில் ஸ்கேட்டிங் தளம் போடுவதையும் ஒரு தடவை இரவில் போய்ப் பாருங்கள். மண் நன்றாக இறுகின பிறகு, தீயணைப்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் மெல்ல நடந்தபடி தண்ணீரைத் தூவுவார். காகிதம் கனத்துக்கு ஒரு படலம், அது உறைந்ததும் இன்னொன்று. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் மேலே ஓடு கட்டிக்கொண்டு அடியில் பொக்கையாக நின்றுவிடும், பிள்ளைகள் ஏறினால் நொறுங்கும். ஏரி ஐஸ் இதில் சேராது; தெளிந்த ஐஸ் நாலு அங்குலமாவது இல்லாமல் நடக்கக்கூடாது என்பது மாநில இயற்கைவளத் துறையின் அறிவுரை, வெள்ளையாகத் தெரியும் ஐஸ் என்றால் அதைப் போல இரண்டு மடங்கு.

கடைசிப் பக்கம் பட்ஜெட். இங்கே விதி எப்படி என்றால், அடுத்த வருஷத்துக்கு உத்தேசமாக இவ்வளவு வரி வசூலிக்கப் போகிறோம் என்று செப்டம்பர் முடிவதற்குள் கவுன்சில் அறிவிக்க வேண்டும். பொதுவாக அதற்குப் பிறகு குறைக்கலாம், கூட்ட முடியாது. நவம்பரில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கவுண்டியிலிருந்து தபால் வரும். அதன் பிறகு மாலை ஆறு மணிக்கோ அதற்கு மேலோ ஒரு கூட்டம், அதில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். டிசம்பர் முடிவதற்குள் இறுதி முடிவு. வரித் தபாலைப் பார்த்துவிட்டுக் கொதிக்கிற அத்தனை பேரும் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் அறை கொள்ளாது. வந்தால்தானே. போன டிசம்பரில் பொதுமக்கள் வரிசையில் எண்ணுகிற அளவுக்குக்கூட ஆள் இல்லை. நடைபாதை வாரும் சின்ன டிராக்டர் ஒன்று வாங்கலாமா என்ற கேள்வி இரண்டு நிமிஷத்தில் தள்ளிப்போடப்பட்டது, ஏனென்றால் வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

அந்தப் பட்ஜெட் செய்திக்குக் கீழே, பூங்கா கமிஷனில் ஒரு இடம் காலி என்று போட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு மாலை, எங்கள் ஊரில் குடியிருந்தால் போதும், குடியுரிமை கேட்கவில்லை. விண்ணப்பம் ஒரே பக்கம். "ஏன் சேர விரும்புகிறீர்கள்" என்ற இடத்தில் மூன்று கோடுதான் விட்டிருக்கிறார்கள், டிராக்டரைப் பற்றி எழுதவே அது பத்தவில்லை, பின்பக்கமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.